ஒரு வாரப் பத்தியத்துக்கு மசியாத பரிசோதனை

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் 38 வயது வாசகர் ஒருவர், அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் உடல் பரிசோதனையின் அறிக்கையை அனுப்பி ஒரு கேள்வி கேட்டிருந்தார். பரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரம் இனிப்பையும் இரவுச் சோற்றையும் நிறுத்திவிட்டுத் தினமும் காலையில் பாகற்காய்ச் சாறு குடித்தாராம். அதன் பயனாக வெறும் வயிற்றுச் சர்க்கரை 94 என்று நல்லபடியாக வந்திருக்கிறது. ஆனால், அதே அறிக்கையின் அடுத்த பக்கத்தில் ‘எச்பிஏ1சி’ 6.1 விழுக்காடு என்று, இயல்பைவிடக் கூடுதல் என்பதற்கு அடையாளமாகத் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. இரண்டில் எதை நம்புவது என்பது அவருடைய கேள்வி. இரண்டையுமே நம்பலாம். முதலாவது, ஊசி குத்திய அந்தக் காலைப் பொழுதில் ரத்தத்தில் இருந்த சர்க்கரையின் அளவு. இரண்டாவது, அதற்கு முந்தைய மூன்று மாதங்களின் கணக்கு.

பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கும்போது கவனித்தால், ஒரே ஊசியிலிருந்து இரண்டு மூன்று குழாய்களில் ரத்தத்தைப் பிடிப்பதைப் பார்க்கலாம். சர்க்கரை அளவுக்கான குழாயின் மூடி சாம்பல் நிறத்தில் இருக்கும். அதனுள் சோடியம் ஃபுளோரைடு சேர்த்திருப்பார்கள். உடலை விட்டு வெளியே வந்த பிறகும் சிவப்பணுக்கள் உயிரோடு இருந்து சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அப்படியே விட்டால் மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு வரை சர்க்கரை குறைந்துவிடும். அந்தத் தீனியை நிறுத்துவதற்குத்தான் ஃபுளோரைடு. எச்பிஏ1சி பரிசோதனைக்கான ஊதா மூடிக் குழாய்க்கு இந்தக் கவலை இல்லை. அது அளக்கப்போகும் சர்க்கரை ரத்தத்தில் கரைந்து மிதப்பதில்லை. சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதத்தோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொண்டு, கழற்ற முடியாதபடி நிலைத்துவிட்டது. இந்தப் பரிசோதனைக்குப் பட்டினியாக வரச் சொல்லாததற்கும் அதுவே காரணம்.

அந்த ஒட்டுதல் நடக்கும் விதம், ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் எனக்கு வியப்பைத் தருகிறது. குளுக்கோஸ் மூலக்கூறு நீரில் பெரும்பாலும் ஒரு வளையமாகத் தன்னை மூடிக்கொண்டே இருக்கும். பல்லாயிரத்தில் ஒன்று மட்டும் ஏதோ ஒரு கணத்தில் வளையம் திறந்து சங்கிலியாக நீளும். அப்போது அதன் முனையில் உள்ள ஆல்டிஹைடு தொகுதி வெளிப்படும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி வேலின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. அந்தத் தொடக்க முனையில் ஓர் அமினோ தொகுதி வெறுமனே நீட்டிக்கொண்டிருக்கிறது. திறந்த சர்க்கரை அதைச் சந்தித்தால் முதலில் ஒரு தளர்வான பிணைப்பு உண்டாகும். அது பெரும்பாலும் பிரிந்து பழைய நிலைக்கே திரும்பிவிடும். பிரியாமல் எஞ்சும் சில மட்டும், மூலக்கூறின் அணுக்கள் இடம் மாறி அமையும் அமடோரி மறுசீரமைப்பு என்ற மாற்றத்துக்கு உள்ளாகி உறுதியான பிணைப்பாகிவிடுகின்றன. இதில் எந்த நொதிக்கும் வேலை இல்லை. சர்க்கரை எவ்வளவு, எத்தனை நாள் என்ற இரண்டைப் பொறுத்தே ஒட்டும் அளவு அமைகிறது. தோசையின் ஓரம் பொன்னிறமாக முறுகுவதும் இதே குடும்பத்து வேதிவினையால்தான். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912-இல் அதை விவரித்தார். தோசைக்கல்லின் சூட்டில் இரண்டு நிமிடத்தில் தொடங்கி முடிவது, 37 டிகிரி வெப்பத்தில் ரத்தத்துக்குள் வாரக்கணக்கில் மெல்ல நடக்கிறது.

இந்தக் கணக்கை எழுதி வைக்கச் சிவப்பணுவைப் போலப் பொருத்தமான ஏடு உடலில் வேறு இல்லை. சர்க்கரையை உள்ளே விடுவதற்கு அது இன்சுலினை எதிர்பார்ப்பதில்லை என்பதால், வெளியே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் சர்க்கரை ஏறினால் சிவப்பணுவுக்குள்ளும் ஏறும், இறங்கினால் இறங்கும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. புதிய புரதம் செய்துகொள்ள வழியில்லாததால், ஒரு முறை சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபினோடுதான் சாகும்வரை அது திரிய வேண்டும். அந்த ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் புதிய சிவப்பணுக்களை அனுப்பிக்கொண்டிருப்பதால், குழாயில் பிடித்த ரத்தத்தில் நேற்றுப் பிறந்த அணுவும் இருக்கும், நான்காம் மாதத்தில் தள்ளாடும் அணுவும் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறக்குறைய பாதி. மீதி அதற்கு முந்தைய மாதங்களுடையது. வாசகரின் ஒரு வாரப் பத்தியத்தால் இந்த எண்ணைப் பெரிதாக அசைக்க முடியாமல் போனது இதனால்தான்.

6.1 விழுக்காடு என்பதைச் சராசரிச் சர்க்கரையாக மாற்றினால் ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 128 மில்லிகிராம். வெறும் வயிற்றில் 94 உள்ளவருக்குச் சராசரி 128 என்றால், அவருடைய சர்க்கரை பெரும்பாலும் உணவுக்குப் பிறகு மேலேறி, நெடுநேரம் அங்கேயே தங்குகிறது என்று கருத இடமிருக்கிறது. மேசைப் பணியின் தொடர்பு இங்கேதான். உண்டபின் ரத்தத்தில் சேரும் சர்க்கரையின் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியவை தசைகள். தசை சுருங்கும்போது, தசையணுவின் உள்ளே காத்திருக்கும் ‘குளூட்4’ என்ற கடத்திகள் அணுச்சவ்வின் மேற்பரப்புக்கு வந்து சர்க்கரைக்கு வழி திறக்கும். இன்சுலினின் ஆணை இல்லாமலேயே இது நடக்கும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பவருக்கு, உடலின் மிகப் பெரிய தசைகளான தொடைத் தசைகள் இந்த வழியை அந்த நேரம் முழுவதும் பூட்டியே வைத்திருக்கின்றன.

இந்த அளவுகோல் கிடைத்த கதையும் சுருக்கமாகச் சொல்லத் தக்கது. டெஹ்ரானில் ஹீமோகுளோபின் வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்த சாமுவேல் ரஹ்பர், நீரிழிவு நோயாளிகளின் ரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு ஹீமோகுளோபினைக் கண்டு 1968-இல் அறிவித்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்தால் அதன் அளவும் இறங்குவதை 1976-இல் ரொனால்ட் கோனிக், ஆன்டனி செராமி முதலியோர் காட்டினர். நீரிழிவை உறுதிப்படுத்த 6.5 விழுக்காட்டை எல்லையாகக் கொள்ளலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் ஏற்றுக்கொண்டது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறை.

ஆனால், ஏடு பழுதானால் கணக்கும் பிழையாகும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியக்கூடும்; ரத்தப்போக்கிலும் சிவப்பணுக்கள் விரைந்து அழியும் நோய்களிலும் குறைவாகத் தெரியும். ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கும் நிலையில், ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் இந்த ஒற்றை எண்ணை மட்டும் கையில் கொடுத்து ஒரு பெண்ணை அனுப்பிவிடுவது பெருந்தவறு என்பேன். அந்த அளவையும் அதே ஊதா மூடிக் குழாயிலிருந்தே அறியலாம். அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குப் புற்றுநோய்க் குறியீடுகள் வரை சேர்த்து எண்பது, நூறு சோதனைகள் என்று விற்கப்படும் தொகுப்புகளைவிட, இந்த இரண்டோடு ரத்த அழுத்தத்தையும் கொழுப்பின் அளவையும் பார்த்து, ஒரு தையல் நாடாவால் இடுப்பையும் அளப்பது மேசைப் பணியாளருக்கு அதிகம் பயன்தரும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது தெற்காசியர்களுக்கான எல்லை.

‘டெஸ்ட் எடுத்தால்தான் இல்லாத வியாதியெல்லாம் வரும்’ என்று நம் வீடுகளில் சொல்வது வழக்கம். இந்த நம்பிக்கைக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை ஏற்புத்திறன் குறைந்து, நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். தனி வழிகாட்டல் எதுவும் பெறாதவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் போனார்கள். நடையிலும் உணவிலும் மாற்றம் செய்துகொண்டவர்களில் அது 39 விழுக்காடு. முன்கூட்டியே தெரிந்ததால்தான் அந்த வேறுபாடு சாத்தியமாயிற்று. இப்படி நம் மக்களையே ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகள் உடனடிப் பலன் காட்டுவதில்லை என்பதாலேயே அவற்றுக்குப் பணம் கிடைப்பது அரிதாகிறது. அரசு நிதி முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் அதுவென்று உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி சோதித்துப் பார்க்கலாமா என்றும் வாசகர் கேட்டிருந்தார். மருத்துவரைப் பார்த்து, தேவையென்றால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையை இப்போதே முடித்துக்கொள்ளட்டும். எச்பிஏ1சி-க்கு மட்டும் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அன்று ஊதா மூடிக் குழாயில் இறங்கும் ரத்தத்தில், இன்று அவர் உடலில் ஓடும் சிவப்பணுக்களில் சிறு பங்கே மிஞ்சியிருக்கும். மற்றவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைந்து, அவற்றிலிருந்த இரும்பு புதிய அணுக்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.