ஒத்ததிர்வு: அணுக்கருவுக்குள் எது எதோடு ஒக்கிறது?

‘ரெசோனன்ஸ்’ லத்தீனிலிருந்து வந்த சொல். ‘ரெசொனாரே’ என்றால் எதிரொலிப்பது. சுருதி சேர்த்த தம்புராவில் ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியில் உள்ள அடுத்த தந்தி தானாக அதிரும். இசையில் பிறந்த இந்தச் சொல், ஒலியே இல்லாத அணுக்கரு இயற்பியலிலும் நிலைத்துவிட்டது.

மும்பையில் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்துக்குப் பக்கத்தில் செம்பூர், அணுசக்தி நகர் எனத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். கொலாபாவில் அயனிகளை முடுக்கி இலக்குகள் மீது மோதவிடும் பெல்லட்ரான் கருவியைப் பற்றிப் பேச்சு வந்து, “ரெசோனன்ஸுக்குத் தமிழில் என்னப்பா?” என்று கேட்டால், ‘ஒத்திசைவு’ என்று பதில் வருகிறது. அது இணக்கம், ஒருங்கிணைப்பு என்ற பொருளுக்குப் போய்விட்ட சொல். பள்ளிப் பாடநூல் தரும் ‘ஒத்ததிர்வு’தான் இங்கே சரி. ஒத்து + அதிர்வு. ‘ஒத்து’வின் குற்றியலுகரம் கெட்டுச் சேர்கிறது.

அணுக்கருவுக்குள் ஒப்பது ஆற்றல். ஒரு கரு எந்த ஆற்றலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளாது. அதற்கென்று ஆற்றல் மட்டங்கள் உண்டு. மோதும் துகளும் இலக்கும் கொண்டுவரும் மொத்த ஆற்றல், இரண்டும் சேர்ந்தால் உண்டாகும் கருவின் ஒரு மட்டத்தோடு ஒத்துப்போனால், வினை நடக்கும் வாய்ப்பு சட்டென்று எகிறும். வரைபடத்தில் அது ஒரு முகடாகத் தெரியும். முகடு ஒடுங்கியிருந்தால் அந்த நிலை அதிக நேரம் நீடிக்கும். அகன்றிருந்தால் சீக்கிரம் சிதையும்.

நாம் உயிரோடு இருப்பதற்கே இப்படியொரு முகடு காரணம். விண்மீனுக்குள் இரண்டு ஹீலியம் கருக்கள் சேர்ந்தால் வரும் பெரிலியம்-8 நிற்காது. நொடியில் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் உடைந்துவிடும். அதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து சேர வேண்டும். ஒத்ததிர்வு இல்லாமல் சாதாரணமாக நடந்தால் கார்பன் மிகக் குறைவாகத்தான் உண்டாகும். உலகில் கார்பன் தாராளமாக இருக்கிறதே, அப்படியானால் கார்பன்-12இல் ஏற்ற இடத்தில் ஒரு மட்டம் இருந்தாக வேண்டும் என்று 1953இல் வானியலாளர் ஃபிரெட் ஹோயில் வாதிட்டார். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இயற்பியலாளர் வார்டு வேலிங்கின் குழு தேடியது, இருந்தது. அந்த மட்டத்தின் ஆற்றல் 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட் (கருக்களின் ஆற்றலை அளக்கும் அலகு). மூன்று ஹீலியம் கருக்களாகப் பிரியும் எல்லை 7.27, அதற்குச் சற்றே மேலே. அந்த நிலையை எட்டியவற்றிலும் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவானவையே கார்பனாக நிலைக்கின்றன. மற்றவை மறுபடி ஹீலியமாகின்றன. அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது!

இலகுவான கருக்களில் மட்டங்கள் குறைவு, இடைவெளி அதிகம். அதனால் ஒவ்வொரு ஒத்ததிர்வுக்கும் அதன் ஆற்றல், முகட்டின் அகலம், தற்சுழற்சி (ஸ்பின்) ஆகியவற்றைத் தனித்தனியே கொடுத்து வினையைக் கணிக்கலாம். இயற்பியலாளர்கள் விக்னரும் ஐசன்பட்டும் 1947இல் வகுத்த ஆர்-அணி (ஆர்-மேட்ரிக்ஸ்) என்ற கணக்கு முறை இதற்குத்தான் உதவுகிறது. கனமான கருக்களில் மட்டங்கள் நெருங்கிக் கிடப்பதால் பெரும்பாலும் சராசரிதான் எடுக்க முடியும்.

அப்புறம், வேதியியலில் ரெசோனன்ஸுக்கு வழங்கும் ‘உடனிசைவு’ என்பது வேறு விஷயம். அதை இங்கே கொண்டுவர வேண்டாம். ஈழத்துப் பாடநூல்களில் ரெசோனன்ஸுக்கு வரும் ‘பரிவு’ சுருக்கமான, அழகான சொல். ஆனால் தமிழ்நாட்டுக் காதுக்கு இரக்கமாகவே கேட்கும். ‘கார்பன்-12இன் 7.65 ஒத்ததிர்வு’ என்று எழுதிப் பாருங்கள், தடங்கல் இல்லாமல் வருகிறது.