பயோடீசல்: தமிழில் என்ன சொல்வது?

எங்கள் ஊர் எண்ணெய் நிலையத்தில் டீசல் பம்பின் மேல் 'பி10' என்று ஒட்டியிருக்கும். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற மாமா ஒருநாள் டேங்கை நிரப்பிக்கொண்டே, "இதுல பத்துல ஒரு பங்கு நம்ம செம்பனைதான்டா, பயோடீசலுக்குத் தமிழ்ல என்ன, சொல்லு பார்ப்போம்" என்றார். சட்டென்று வாயில் வரவில்லை.

'பி10' என்றால் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்தது, மீதி வழக்கமான டீசல். மலேசியாவில் 2011இல் பி5 என்று தொடங்கி, பி7 ஆகி, 2019இல் பி10க்கு வந்தது. ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றிக் கலப்பதில்லை. மெத்தனால் என்கிற ஒருவகை ஆல்கஹாலோடு வினைபுரிய வைத்துக் கிளிசரினைப் பிரித்தெடுத்த பிறகு கிடைப்பதுதான் பயோடீசல். சமையல் எண்ணெயை டேங்கில் ஊற்றிவிட்டு அதையும் பயோடீசல் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

'பயோ' கிரேக்கச் சொல், வாழ்வு, உயிர் என்று பொருள். 'டீசல்' ஒருவருடைய பெயர்: ருடால்ஃப் டீசல், 1858இல் பாரிசில் பிறந்த ஜெர்மானியர். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அவருடைய வகை இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது, அதனால் பயிர் எண்ணெயில் வண்டி ஓட்டும் யோசனை ஒன்றும் புதிதல்ல. ஆள் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, 'உயிரி டீசல்' போதும். பொதுப்பெயர் வேண்டுமென்றால் 'உயிரி எரிபொருள்'. சிலர் 'தாவர எரிபொருள்' என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விலங்குக் கொழுப்பிலிருந்தும் பயோடீசல் செய்கிறார்களே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எழுதும்போது ஒன்று: 'எரிப்பொருள்' தவறு. எரிந்த, எரிகின்ற, எரியும் பொருள் என்று விரிவதால் அது வினைத்தொகை, நடுவில் 'ப்' மிகாது. 'விளைபொருள்', 'ஊறுகாய்' எல்லாம் அதே கணக்குதான்.

'ரினியூவபிள்' என்பதற்காக எரிபொருளுக்கு முன்னால் 'புதுப்பிக்கத்தக்க' என்று சேர்ப்பதுதான் எனக்கு ஒட்டவில்லை. அதைக் கேட்டால் லைசன்ஸ் புதுப்பிக்கிற நினைப்புத்தான் வருகிறது. குலையை வெட்டினால் மரம் அடுத்த குலையைத் தள்ளும், அதை நாம் விளைச்சல் என்றுதானே சொல்கிறோம்? 'விளையும் எரிபொருள்' என்றால் தோட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இன்னொரு வேடிக்கை 'எண்ணெய்'. எள் + நெய், அதாவது முதலில் நல்லெண்ணெய்க்கு மட்டும் உரிய பெயர். பிறகு தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றின் மேலும் ஏறிவிட்டது. இந்த நாட்டில் வணிகமுறையில் செம்பனையை முதலில் நட்டது 1917இல், கோலசிலாங்கூர் பக்கம், அந்தத் தோட்டத்தின் பெயரோ தென்னமரம்! பெயரும் பொருளும் இப்படி இடம் மாறுவது நமக்குப் பழக்கம்தான்.

அடுத்த வாரம் மாமாவிடம் இவ்வளவையும் சொன்னேன். உதிர்ந்த பழம் ஒன்றை நகத்தால் கீறி, விரலில் வழிந்த செம்மஞ்சள் பிசுபிசுப்பை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

"பெட்ரோல் ஊத்துனாலும் எண்ணெய் போடுறேன்னுதான் சொல்றோம், டீசலுக்கும் அதான். இதையும் எண்ணெய்னே சொல்லிட்டுப் போயேன்டா."