ராமாவுக்குள் டீ ஆற்றினால்

பத்தாம் வகுப்பு படிக்கும் வாசகி ஒருவர் போன வாரம் கேட்டது இது: "ராமான்னு ஒரு படம் வரப்போகுதாமே சார், அதுல ஒரு பெரிய உருளைக்குள்ள கடல் இருக்காம். தரையில நிக்கிறவங்களுக்கு அந்தக் கடலோட மறுபாதி தலைக்கு மேல தெரியுமாம். அந்தத் தண்ணி ஏன் கொட்டல? மையவிலக்கு விசைன்னு மட்டும் எழுதிடாதீங்க, அதை எங்க டீச்சரே சொல்லிட்டாங்க."

கடைசி வரிக்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் படத்தைப் பற்றி. ஆர்தர் சி. கிளார்க் 1973-இல் எழுதிய 'ராந்தேவூ வித் ராமா' நாவலை டெனி வில்நெவ் இயக்கப்போகிறார் என்ற அறிவிப்பு 2021 டிசம்பரில் வந்தது. நடிகர் மார்கன் ஃப்ரீமன் அதற்கும் பல ஆண்டுகள் முன்பிருந்தே இந்தக் கதையைப் படமாக்க அலைந்துகொண்டிருந்தார். வில்நெவுக்கு நடுவில் டியூன், அப்புறம் ஜேம்ஸ் பாண்ட் என்று கை நிறைய வேலை. வரும்போது வரட்டும். ஐம்பது வருடம் காத்திருந்த வாசகர்களுக்கு இன்னும் சில வருடங்கள் பெரிதில்லை.

கதை நடப்பது 2131-இல். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஏதோ ஒன்று வேகமாக வருகிறது. கிரேக்க, ரோமானியப் புராணப் பெயர்களையெல்லாம் வானியலாளர்கள் ஏற்கெனவே தீர்த்துவிட்டதால் இந்து தெய்வங்களின் பட்டியலுக்கு வந்திருக்கிறார்கள். அந்த வரிசையில் இதற்குக் கிடைத்த பெயர் ராமா. அவ்வளவுதான் விஷயம், இதில் புஷ்பக விமானத்தைத் தேட வேண்டாம். (2017-இல் ஓமுவாமுவா என்ற விண்மீனிடைப் பொருள் நம் பக்கம் வந்து போனபோதும், 2025-இல் 3ஐ அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் வந்தபோதும் வாட்ஸ்அப்பில் ஓடிய கதைகளை நினைத்தால், இந்தப் படம் வெளியாகும் வாரத்தில் என் கைப்பேசியை அணைத்து வைப்பதே நல்லது.)

கிட்டே போய்ப் பார்த்தால் ராமா பாறை இல்லை, செய்யப்பட்ட ஓர் உருளை. நீளம் 50 கிலோமீட்டர், விட்டம் 20 கிலோமீட்டர். உள்ளே குடைந்த இடத்தின் விட்டம் 16 கிலோமீட்டர். 4 நிமிடத்துக்கு ஒரு தடவை தன் அச்சில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உருளையின் உட்சுவர்தான் தரை. நடுவில் வளையம்போல ஒரு கடல்.

சரி, தண்ணீர் ஏன் கொட்டவில்லை?

மதுரை சித்திரைப் பொருட்காட்சியில் சின்ன வயதில் மரணக்கிணறு பார்த்திருக்கிறேன். பலகை அடித்த பெரிய வட்டக் கிணறு, விளிம்பில் நாம் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிள் அடியில் இரண்டு சுற்று சுற்றும், பிறகு சுவரில் ஏறிவிடும். ஓட்டுபவர் படுக்கைவாட்டில் இருப்பார். ஒரு கையை விட்டு, நாம் நீட்டும் பத்து ரூபாய்த் தாளைப் பிடுங்கிக்கொண்டு போவார். பலகை அதிரும் அதிர்வு நம் நெஞ்சுக்குள் கேட்கும். அப்போது எனக்கு இருந்த சந்தேகமும் இதுதான்: இவரைச் சுவரில் ஒட்டவைத்திருப்பது எது?

எதுவும் ஒட்டவைக்கவில்லை. அவர் ஒவ்வொரு கணமும் நேராகப் போகத்தான் பார்க்கிறார். நியூட்டனின் முதல் விதி. ஆனால் நேரே போகிற வழியில் சுவர் குறுக்கே நிற்கிறது. அது அவரை உள்பக்கம், மையத்தை நோக்கித் தள்ளுகிறது. அடுத்த கணம் மறுபடி நேராகப் போகப் பார்க்கிறார், மறுபடி சுவர் தள்ளுகிறது. அந்த ஓயாத தள்ளலைத்தான் அவருடைய சக்கரமும் இருக்கையும் உடம்பும் எடையாக உணர்கின்றன. எடை என்றால் பூமி நம்மைக் கீழே இழுப்பது என்று படித்து வைத்திருக்கிறோம். உண்மையில் நாம் உணர்வது இழுப்பை அல்ல, தரை நம்மை மேலே தள்ளுவதை. கயிறு அறுந்த லிப்டில் பூமி இழுத்துக்கொண்டேதான் இருக்கும், ஆனால் எடை தெரியாது, ஏனென்றால் தள்ளத் தரை இல்லை.

ராமாவின் கடலுக்கும் இதே கதிதான். ஒவ்வொரு துளியும் நேராகப் பாய்ந்து வெளியே போகப் பார்க்கிறது. கடலின் அடித்தளம் விடாமல் உள்ளே தள்ளுகிறது. "மேலே" தெரியும் பாதிக்கும் அது பொருந்தும், "கீழே" இருக்கும் பாதிக்கும் பொருந்தும். அந்தக் கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு நாம் தலைகீழாகத் தொங்குகிறோம்.

எவ்வளவு எடை? கோணவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் போதும், பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. 8 கிலோமீட்டர் ஆரம், 4 நிமிடச் சுற்று என்றால் வினாடி வர்க்கத்துக்கு 5.5 மீட்டர். பூமியில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். தரை ஓடும் வேகம் மணிக்கு சுமார் 750 கிலோமீட்டர், ஒரு பயணிகள் விமானத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

இதிலிருந்து வேடிக்கையான விஷயங்கள் கிளம்பும். மையத்துக்கு ஏற ஏற எடை குறையும், பாதி உயரத்தில் பாதி எடை, அச்சில் பூஜ்யம். சுழலும் திசையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் சைக்கிள் ஓட்டினால் எடை 5 சதவீதம் கூடும், எதிர்த்திசையில் ஓட்டினால் அதே அளவு குறையும். காற்றும் இந்த எடைக்குக் கட்டுப்பட்டதுதான். ராமாவின் தரையில் மெரினா கடற்கரை அளவு காற்றழுத்தம் இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 8 கிலோமீட்டர் மேலே அச்சில் கிடைக்கும் அழுத்தம் அதில் 77 சதவீதம், ஏறக்குறைய ஊட்டியில் இருப்பது.

ஆனால் என்னை மயக்குவது இதெல்லாம் இல்லை. ராமாவில் ஒரு பொருளைக் கையிலிருந்து விட்டால் என்ன ஆகும் என்பதுதான்.

விட்ட கணத்திலிருந்து அதன்மேல் எந்த விசையும் இல்லை. யோசித்துப் பாருங்கள், கீழே இழுப்பதற்கு அங்கே பூமியே கிடையாது. கையை விட்டபோது இருந்த வேகத்தில், இருந்த திசையில், நேர்கோட்டில் அது போய்க்கொண்டிருக்கும். அது "விழவில்லை". வளைந்து மேலேறி வரும் தரைதான் அதைப் போய்ப் பிடிக்கிறது. அதற்குள் தரை எவ்வளவு சுற்றியிருக்கும்?

இங்கேதான் டீ மாஸ்டர் வருகிறார். ஒரு சின்ன விண்வெளிச் சக்கரத்துக்குள் அவரை நிறுத்துவோம். ஆரம் வெறும் 5 மீட்டர், ஒரு வீட்டு ஹால் மாதிரி. பூமியின் முழு எடை வேண்டுமென்றால் அது நிமிடத்துக்கு 13 தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். மாஸ்டர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து டீயை ஆற்றுகிறார். அவர் கை, காலைவிட மையத்துக்கு ஒரு மீட்டர் கிட்டே இருக்கிறது. மையத்துக்குக் கிட்டே இருப்பது மெதுவாகத்தான் ஓடும். ஆகவே குவளையை விட்டு வெளியேறும் டீக்கு இருப்பது கையின் வேகம், தரையின் வேகம் இல்லை. டீ நேர்கோட்டில் போய்ச் சேர்வதற்குள் கீழே இருந்த டம்ளர் அதை முந்திப் போயிருக்கும். எவ்வளவு முந்தும் என்று பார்த்தேன்: 53 சென்டிமீட்டர். மாஸ்டர் கண்ணுக்கு, டீ அந்தரத்தில் ஒரு வளைவு வளைந்து அரை மீட்டர் தள்ளி, பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் ஆள் மடியில் ஊற்றுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு டீ நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் போனது. இதைத்தான் கொரியாலிஸ் விளைவு என்கிறோம்.

அதே மாஸ்டரை ராமாவுக்குக் கூட்டிப் போனால், அதே ஒரு மீட்டரில் டீ விலகுவது வெறும் 1 சென்டிமீட்டர். இரண்டு நாளில் கை பழகிவிடும். கிளார்க் ராமாவை இவ்வளவு பெரிதாகச் செய்ததன் அழகு எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஆரம் பெரிதாக ஆக, சக்கரம் தன்னை ஒரு சக்கரம் என்று காட்டிக்கொள்வதே இல்லை.

இன்னொரு கூத்து. பூமியிலும் உயரமான கோபுரத்திலிருந்து கல்லை விட்டால் துளி விலகும், ஆனால் கிழக்கே, அதாவது பூமி சுற்றும் திசையிலேயே. கோபுர உச்சி அச்சிலிருந்து தூரம், அதனால் அடிவாரத்தைவிட வேகம் அதிகம், கல் முந்திப் போகிறது. ராமாவில் உச்சிதான் அச்சுக்குக் கிட்டே. அதனால் கல் பின்தங்குகிறது. ஒரே விதி, திசை மட்டும் தலைகீழ்.

இது காற்றுக்கும் பொருந்தும். நாவலில் ராமா சூரியனை நெருங்கும்போது தரை சூடாகி, உறைந்த கடல் அடியிலிருந்து உருக ஆரம்பிக்கும். புயல் வரும், வெளியேறுங்கள் என்று உள்ளே இருப்பவர்களுக்கு எச்சரிக்கை வரும். சூடான காற்று தரையின் வேகத்தோடு அச்சை நோக்கி எழும்பினால், சுழல்நாற்காலியில் கையை மடக்கியதும் வேகம் கூடுவதுபோல அது முன்னோக்கிச் சீறும். வங்கக் கடல் புயல்களை எப்போதும் இடஞ்சுழியாகச் சுற்றவைப்பதும் இந்தக் கொரியாலிஸ்தான். பூமத்திய ரேகையில் அதன் பிடி இல்லை, அதனால் அங்கே புயல் உருவாவதும் இல்லை.

கடலில் முக்குளிப்பதற்காகவே இலங்கையில் குடியேறியவர் கிளார்க். 1956-இல் போனவர், 2008-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். திருக்கோணேஸ்வரத்துப் பாறைக்குக் கீழே கடலடியில் கிடந்த பழைய கோயிலின் சிதைவுகளைப் பார்த்து எழுதியிருக்கிறார். தண்ணீருக்கடியில் மிதப்பதுதான் எடையின்மைக்குப் பூமியில் கிடைக்கும் நெருங்கிய அனுபவம் என்று நம்பிய மனிதருக்கு, உருளைக்குள் ஒரு கடலை வைக்கத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன?

நிஜத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? 1966 செப்டம்பரில் ஜெமினி 11 கலத்தை ஒரு ராக்கெட் நிலையோடு 30 மீட்டர் பட்டையால் கட்டி மெல்லச் சுற்றினார்கள். கிடைத்த எடை பூமியில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்கு. அதற்கு முன்பே, 1950-களின் இறுதியில், அமெரிக்கக் கடற்படை பென்சகோலாவில் ஓர் அறையையே சுழலவிட்டு ஆட்களை உள்ளே வாழவைத்துப் பார்த்தது. நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால் பிரச்சினை இல்லை. பத்து சுற்று என்றால் தலையைத் திருப்பினாலே குமட்டல், உட்காதின் அரைவட்டக் குழல்களில் இருக்கும் திரவமும் நம் மாஸ்டரின் டீயைப்போலக் குழம்பிவிடுகிறது. ஆகவே தாராளமாக இரண்டு சுற்று என்று வைத்தாலும், முழு எடைக்கு 220 மீட்டருக்கு மேல் ஆரம் வேண்டும். இப்போதிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் மொத்த அகலமே 109 மீட்டர்தான்.

அந்த நிலையத்தில் உயிரினங்களைச் சுழற்றிச் சோதிப்பதற்கென்றே 2.5 மீட்டர் மையவிலக்கி கொண்ட ஒரு பகுதியை ஜப்பான் கட்டிக்கொண்டிருந்தது. 2005-இல் அந்தத் திட்டத்தை ரத்து செய்தார்கள். பாதியில் நின்ற கலம் சுகுபா விண்வெளி மையத்தில் காட்சிப்பொருளாக நிற்கிறது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். எடையின்மையில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் இடுப்பெலும்பு கரைகிறது. அதற்கு உடற்பயிற்சிக் கருவிகளை அனுப்பினோம், ஆனால் கொஞ்சம் எடை கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்கும் கருவியைத் தரையில் விட்டுவிட்டோம். பிறகு ஜப்பான்காரர்கள் விடாமல் சின்னதாக ஒன்றை அனுப்பி, எலிகளை 35 நாள் முழு எடையில் சுழற்றிப் பார்த்தார்கள். எலும்பும் தசையும் கரையாமல் நின்றன. செவ்வாயில் கிடைக்கும் 38 சதவீத எடை மனித உடம்புக்குப் போதுமா என்ற கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. செவ்வாய்க்குக் குடிபோகும் தேதியை மட்டும் ஆளாளுக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறார்கள். 2035-க்குள் இந்தியா அமைக்கத் திட்டமிடும் நிலையத்தில் ஓர் எலிச் சக்கரத்துக்காவது இடம் ஒதுக்கினால் அதற்குச் செய்கிற செலவு வீண்போகாது என்பது என் கட்சி.

வாசகிக்கு ஒரு வேலை தருகிறேன். ராமாவின் கடலுக்கு வடகரையில் 50 மீட்டர் செங்குத்துச் சுவர், தென்கரையில் 500 மீட்டர். நாவலில் ஒருவர் அந்த 500 மீட்டர் உச்சியிலிருந்து, சட்டையைப் பாராசூட்டாகப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் குதிப்பார். எடை குறைவு என்பதால் பிழைத்துக்கொள்வார். படத்தில் அந்தக் காட்சி இருந்தால், கூடவே ஒரு கல்லும் உதிர்கிறதா என்று கவனியுங்கள். காற்றை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால், கல் தண்ணீரைத் தொட 14 வினாடி ஆகும். விழுவது நேர் கீழே இல்லை, சுழலும் திசைக்கு எதிரே ஏறக்குறைய 126 மீட்டர் தள்ளி. வில்நெவ் அதை நேராக விழவைத்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.