துப்பாக்கிச் சட்ட செமினாருக்குப் போகலாமா?

"அண்ணா, சனிக்கிழமை துப்பாக்கி சுடப் பழகுற ரேஞ்சுல தற்காப்புச் சட்டம் பத்தி ஒரு செமினார். நாப்பது டாலர். போகலாமா?"

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் குற்ற வழக்குகள் பார்க்கும் வக்கீல் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். இந்தியர் வீடுகளில் நகை இருக்கும் என்று குறிவைத்து வரும் திருடர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது சுற்றினால், அந்த வாரம் இரண்டு மூன்று போன் நிச்சயம். போன மாதம் கேட்ட தம்பியிடமும் வழக்கம்போல நான் முதலில் கேட்டது இதுதான்: "கிரீன் கார்டு வந்துடுச்சா?"

"இல்லண்ணா, எச்-1பி தான். அதுக்கும் இதுக்கும் என்ன?"

நிறைய இருக்கிறது. எச்-1பி (வேலை), எஃப்-1 (மாணவர்) போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2022-க்குப் பிறகு அதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. கடையில் வாங்கினால் 4473 என்ற படிவத்தில் விசாவைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள். நண்பரிடம் கைமாற்றாக வாங்கினால் டெக்சாஸில் படிவமே கிடையாது, ஆனால் குற்றம் மட்டும் அப்படியே இருக்கும். வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு. "அப்போ அதை வாங்கிட்டா போச்சு" என்று கிளம்புகிறவர்கள், டெக்சாஸ் உரிமம் பொதுவாக ஆகஸ்ட் 31-உடன் காலாவதியாகிவிடும் என்பதைக் கவனிப்பதில்லை. செப்டம்பர் 1 காலையில் அலமாரியில் இருப்பது அதே துப்பாக்கிதான், விலக்கு மட்டும் இருக்காது.

வாடகைத் துப்பாக்கியை ரேஞ்சில் ஒரு மணி நேரம் பிடித்தாலும் 'வைத்திருப்பது'தான். 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு அப்படித் தொடங்கியதுதான். மாணவர் விசாவில் வந்து, படிப்பு நின்று, விசா தகுதி இழந்தவர், ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். தன் தகுதி போய்விட்டது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் எத்தனை வருடம் அலைந்திருப்பார்!

சரி, குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கிறது, துப்பாக்கியும் இருக்கிறது. அப்போது போகலாமா? போகலாம். 2021 செப்டம்பர் முதல் டெக்சாஸில் 21 வயதான பெரும்பாலோர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். முன்பு உரிமத்துக்காகவாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்தார்கள். இப்போது பலருக்குச் சட்டம் காதில் விழும் ஒரே இடம் இந்த செமினார்தான்.

நானே சிலவற்றில் பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். ரேஞ்சின் பின்னறை, மடக்கு நாற்காலி, ஆறிப்போன பீட்சா, சுவருக்கு அந்தப் பக்கம் டப் டப் என்று சத்தம். எங்கே போனாலும் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள்: "ராத்திரி என் டிரைவ்வேயில் கார் கண்ணாடியை உடைக்கிறான். சுடலாமா?" டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 9.42 இரவுத் திருட்டைத் தடுக்க உயிர் போகும் அளவு பலத்தைக் கூட அனுமதிக்கிறது. பல செமினார்களில் பேச்சாளர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார், கூட்டம் சிரிக்கும். பிரிவு அங்கே நிற்பதில்லை. உடனடியாக அது தேவை என்று நியாயமாக நம்பியிருக்க வேண்டும். அதோடு, பொருளை வேறு வழியில் காக்கவோ மீட்கவோ முடியாது என்றோ, குறைந்த பலத்தைப் பயன்படுத்தினால் உங்கள் உயிருக்கே ஆபத்து என்றோ நம்பியிருக்க வேண்டும். உங்கள் நம்பிக்கை நியாயமா என்று பின்னால் முடிவு செய்வது பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி. கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் இருந்ததா என்று அரசு வக்கீல் அவர்கள் முன் கேட்பார். ஃபுளோரிடாவில் விசாரணைக்கு முன்பே, தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்லி வழக்கிலிருந்தே விலக்கு கேட்டு நீதிபதியிடம் போக வழி இருக்கிறது. டெக்சாஸில் அது இல்லை, பெரும்பாலும் ஜூரி வரை போயே ஆக வேண்டும்.

இன்னொரு வகை செமினாரைக் கண்டால் எனக்குப் பயம். போலீஸிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைப்பவை. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) ரவுல் ரோட்ரிகஸ் வழக்கு எங்கள் ஊர் வக்கீல்கள் எல்லோருக்கும் தெரியும். 2010-ல் பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் பார்ட்டியில் சத்தம் என்று வீடியோ கேமராவும் துப்பாக்கியுமாகப் போனார். அவர் உரிமம் பெற்றவர், சட்ட வகுப்பும் கேட்டவர். என் உயிருக்குப் பயமாக இருக்கிறது, நான் என் இடத்தில் நிற்கிறேன் (பின்வாங்கத் தேவையில்லை என்ற தற்காப்புச் சட்டத்தின் வசனம்) என்று போலீஸ் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார், எல்லாம் அவர் கேமராவிலேயே பதிவானது. ஒருவரைச் சுட்டுக் கொன்றார், இருவருக்குக் காயம். அந்த வசனங்களே அவருக்கு எதிராகத் திரும்பின. 2012-ல் 40 ஆண்டு. ஜூரிக்குத் தந்த அறிவுறுத்தலில் பிழை என்று 2014-ல் அது ரத்தாகி, 2015-ல் மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு.

ஆகவே பணம் கட்டுமுன், பேசப்போவது யார் என்று கேளுங்கள். சுடச் சொல்லித் தருபவரா, உங்கள் கவுண்டியில் இப்படிப்பட்ட வழக்கை ஜூரி முன் நடத்தியவரா? பேச்சில் பாதியாவது துப்பாக்கியை எடுக்கக் கூடாத கட்டங்களைப் பற்றி இருக்கிறதா? 'எவ்வளவு தூரத்தில் வந்தால் சுடலாம்' என்று அடி கணக்கில் பதில் தந்தால் எழுந்து வந்துவிடலாம், சட்டத்தில் அப்படி அளவுகோல் இல்லை.

கடைசிப் பதினைந்து நிமிடம் கையெழுத்து வாங்க டேப்லெட் கணினி வரும். சுட்டு வழக்கு வந்தால் வக்கீல் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் மாதச் சந்தா சட்டப் பாதுகாப்புத் திட்டம். எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் குற்ற வழக்குச் செலவா, சிவில் மட்டுமா, வக்கீலை நீங்கள் தேர்ந்தெடுக்கலாமா, தண்டனை வந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்று ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். 2018-ல் நியூயார்க் மாநில ஒழுங்குமுறைத் துறை இப்படி ஒரு திட்டத்தை இன்சூரன்ஸ் சட்டத்துக்கு விரோதம் என்று நிறுத்தி அபராதமும் போட்டது.

அந்தத் தம்பி சனிக்கிழமை போனார். உட்கார்ந்து கேட்பது குற்றமில்லை, எதையும் தொடாதே என்று மட்டும் சொல்லியிருந்தேன். இரவு போன் வந்தது. "நல்ல வேளைண்ணா. இடைவேளைல பிடி எப்படி இருக்குன்னு பார்க்கச் சொல்லி ஒரு பிஸ்டலை ஒவ்வொருத்தர் கையிலா கொடுத்தாங்க. நான் பீட்சா எண்ணெய்க் கைன்னு சொல்லி நகர்ந்துட்டேன்."