புதிய என்ஜினின் முதல் எண்ணெய்

புதிய கார் வாங்கியவர் முதல் ஆயிரம் கிலோமீட்டரை எட்டுவதற்குள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு அறிவுரைகள் அவரிடம் வந்து சேர்ந்துவிடும். நெடுங்காலமாக வண்டி ஓட்டிவரும் பெரியவர்கள், உள்ளே இரும்புத்தூள் கிடக்கும், ஆயிரத்திலேயே ஆயிலை மாற்றிவிடு என்பார்கள். வண்டியோடு வந்த கையேடோ, பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை பொறுத்திருக்கலாம் என்கிறது. இரண்டுக்கும் பின்னால் உண்மையான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதல் அறிவுரை, ஓர் என்ஜினின் ஆயுளில் ஒரே ஒருமுறை நிகழும் தேய்மானத்தைப் பற்றியது. இரண்டாவது, ஒவ்வொரு முறை எண்ணெய் ஊற்றும்போதும் புதிதாகத் தொடங்கும் வேதியியல் செலவைப் பற்றியது. இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்காமல் ஒரே கிலோமீட்டர் கணக்கில் அடைக்க முயல்வதால்தான் இந்தக் குழப்பம் தலைமுறை தாண்டியும் தீராமல் இருக்கிறது.

என்ஜினுக்குள் எண்ணெய் செய்யும் வேலையிலிருந்து தொடங்குவோம். 1883-இல் இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் பெட்டிகளின் அச்சுத் தாங்கிகளில் உராய்வை அளந்துகொண்டிருந்தார். தாங்கியின் மேற்பகுதியில் எண்ணெய் விடுவதற்காகத் துளையிட்டபோது, உள்ளே போகவேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. சுழலும் அச்சு தன்னைச் சுற்றியுள்ள எண்ணெயைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்துச் செல்லும்போது, அந்த எண்ணெயிலேயே பெரும் அழுத்தம் பிறந்து, அச்சைத் தூக்கி மிதக்கவைக்கிறது என்பது இவ்வாறு தெரியவந்தது. அதற்கான கணிதத்தை 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பொறியியல் பேராசிரியர் எழுதினார். பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் இன்றைய காரில் சுழல்வதும் இதே முறையில்தான்: தலைமுடியின் தடிமனில் சிறு பங்கே இருக்கும், சில மைக்ரான் அளவிலான எண்ணெய்ப் படலத்தின் மீது அது மிதந்துகொண்டிருக்கிறது. படலம் முழுமையாக இருக்கும் வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை, எனவே தேய்மானமும் ஏறத்தாழ இல்லை.

படலம் எப்போதும் முழுமையாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். என்ஜினைக் கிளப்பும் முதல் நொடிகளிலும், பிஸ்டன் மேலே சென்று ஒரு கணம் நின்று திரும்பும் இடத்திலும், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டின் முனை வால்வை அழுத்தும் இடத்திலும் எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிட, மேடுபள்ளமான இரு உலோகப் பரப்புகள் உரசிக்கொள்கின்றன. அங்கே காப்பாற்றுவது எண்ணெயின் பாகுத்தன்மையல்ல. அதில் கலந்துள்ள சேர்மங்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய ஒரு சேர்மம், உரசலின் வெப்பத்தில் சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற மிக மெல்லிய பூச்சாகப் படிகிறது. பிறகு உலோகத்துக்குப் பதிலாக அந்தப் பூச்சுதான் தேய்கிறது, மீண்டும் உருவாகிறது. அடிக்கடி எண்ணெய் மாற்றுவது என்ஜினுக்கு எப்போதும் நன்மையே என்று நம்புபவர்கள் இதை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்: இந்தப் பூச்சு உருவாக வெப்பமும் நேரமும் வேண்டும், சற்றுப் பழகிய எண்ணெய், புத்தம்புதிய எண்ணெயைவிடக் குறைவான தேய்மானத்தைக் காட்டிய ஆய்வகச் சோதனைகளும் உண்டு.

புதிய என்ஜினில் அந்த உரசல் கூடுதலாக இருக்கும். ஓரளவு அது வேண்டியதும்கூட. சிலிண்டரின் உட்சுவரைத் தொழிற்சாலையில் கண்ணாடிபோல் வழவழப்பாக்குவதில்லை. சாணைக்கற்களைக் கொண்டு, ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் நுண்ணிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள். கீறல்களின் பள்ளங்களில் எண்ணெய் தங்குகிறது. அவற்றின் மேட்டு முனைகளோ பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களான ரிங்குகளோடு உரசிச் சிறிது சிறிதாகத் தேய்ந்து மட்டமாகின்றன. இப்படி ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திய பின்னரே எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயுக்கள் கீழே கசிவது குறையும். தேய்ந்த உலோகத் துகள்கள் எண்ணெயில்தான் போய்ச் சேர்கின்றன. அவற்றோடு, வார்க்கப்பட்ட பாகங்களில் ஒட்டியிருந்த மணலின் மிச்சமும், கடைசல் துகள்களும், பாகங்களைப் பொருத்தும்போது தடவிய பசையும் சேரும். சில பத்தாண்டுகளுக்கு முன்னர் இந்தத் தொடக்கத் தேய்மானம் கணிசமாக இருந்ததால், 500 அல்லது 1,000 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்துவிடுவது மிகச் சரியான வழக்கமாக இருந்தது. பெரியவர்களின் அறிவுரை அந்த என்ஜின்களிடமிருந்து கற்றது.

பின்னர் மாறியது என்ஜின் செய்யும் முறை. இப்போது கீறல் போட்டபின், அதே கீறல்களின் முனைகளை மட்டும் மென்மையான கற்களால் தேய்த்து மட்டமாக்கும் இன்னொரு படியையும் தொழிற்சாலையிலேயே முடித்துவிடுகிறார்கள். முன்னர் உரிமையாளர் சாலையில் ஓட்டிச் செய்த வேலையின் பெரும்பகுதி இப்படிப் பட்டறையிலேயே முடிந்துவிடுகிறது. பாகங்களின் அளவுத் துல்லியமும், கழுவும் முறைகளும் மேம்பட்டுவிட்டன. மிஞ்சிய துகள்களில் 20 முதல் 30 மைக்ரானுக்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை ஆயில் ஃபில்டர் பிடித்துக்கொள்கிறது. ஆனால் படலத்தின் தடிமனுக்கு நெருக்கமான, அதைவிடச் சிறிய துகள்கள் ஃபில்டரைத் தாண்டிச் சுற்றிவரும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆய்வகத்துக்கு அனுப்பப்படும் எண்ணெய் மாதிரிகளில், முதல் எண்ணெயில் இரும்பும் செம்பும் கூடுதலாகவும், இரண்டாவது மூன்றாவது முறைகளில் படிப்படியாகக் குறைந்தும் காணப்படுவது வழக்கம். முதல் மாதிரியில் சிலிக்கனும் உயர்ந்திருக்கும். அதைப் பார்த்துத் தூசி உள்ளே போய்விட்டதென்று பதறுவோர் உண்டு. பெரும்பாலும் அது பாகங்களின் இணைப்புகளை அடைக்கப் பயன்படும் சிலிக்கோன் பசையிலிருந்து கரைந்து வந்தது, தீங்கற்றது.

ஆகவே முதல் மாற்றம் குறித்து என் கருத்து இதுதான். கையேடு 1,000 கிலோமீட்டரில் மாற்றச் சொன்னால் மாற்றவேண்டும். அந்த என்ஜினை வடிவமைத்தவர்களுக்கு அதற்கான காரணம் தெரியும். சொல்லவில்லை என்றால் தேவையில்லை. ஆனாலும் மனம் ஒப்பாதவர் 2,000 கிலோமீட்டர் அளவில் ஒருமுறை எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிக்கொண்டால், பொதுவாக அதில் கேடில்லை. கிடைக்கும் நன்மை சிறியது, இழப்பு ஒரு முறைக்கான எண்ணெய்ச் செலவு. முன்கூட்டியே வடிக்கவேண்டாம் என்று கையேடே வெளிப்படையாகச் சொல்லும் வண்டிகளும் உண்டு. அங்கே அதைக் கேட்பதுதான் முறை. முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் இதைவிட முக்கியமானது எண்ணெயின் அளவைப் பார்ப்பது. ரிங்குகள் பொருந்தும் வரை சிறிது எண்ணெய் எரிந்து குறையும். தரமான எண்ணெய் அளவு குறைந்து கிடப்பதைவிட, சுமாரான எண்ணெய் சரியான அளவில் இருப்பது மேல்.

இனி இரண்டாவது கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால், ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி நீராவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஆனால் ஒவ்வொரு வெடிப்பின்போதும் சிறிதளவு வாயு, ரிங்குகளைக் கடந்து கீழே எண்ணெய் இருக்கும் அறைக்குள் கசிகிறது. அதில் நீராவியும், எரியாத பெட்ரோலும், நைட்ரஜன் ஆக்சைடுகளும், கரித்துகளும் இருக்கின்றன. எண்ணெய் நன்றாகச் சூடாகியிருந்தால் நீரும் பெட்ரோலும் ஆவியாகி, காற்றோட்டக் குழாய் வழியே மீண்டும் என்ஜினின் உள்ளிழுக்கும் பாதைக்குச் சென்று எரிந்துவிடும். சூடாகாமல் இருந்தாலோ அவை எண்ணெயிலேயே தங்குகின்றன. பெட்ரோல் எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. நீரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்து அமிலமாகின்றன.

அந்த அமிலத்தை முறிப்பதற்காகவே கால்சியம், மக்னீசியம் அடங்கிய காரச் சேர்மங்களை எண்ணெயில் கலந்திருக்கிறார்கள். ஒரு கிராம் எண்ணெயின் காரத்தன்மை எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு இணையானது என்று இதை அளக்கிறார்கள்; பெட்ரோல் கார்களுக்கான புதிய எண்ணெயில் இது பொதுவாக 6 முதல் 10 வரை இருக்கும். இதை ஒரு சேமிப்பாகக் கருதலாம். ஓட்டமெல்லாம் அதிலிருந்து எடுக்கும் செலவு. சேமிப்பு பாதியாகும் அளவில், அல்லது எண்ணெயில் ஏறும் அமிலத்தின் அளவு இறங்கிவரும் காரத்தின் அளவைத் தொடும் இடத்தில், எண்ணெயின் ஆயுள் முடிகிறது என்று கொள்கிறார்கள். எரிபொருளில் கந்தகம் மிகுந்திருந்த காலத்தில் கந்தக அமிலம் இந்தச் சேமிப்பை விரைவாகத் தின்றது. பல நாடுகள் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 10 பங்கு என்ற அளவுக்குக் குறைத்துவிட்டது, 5,000 கிலோமீட்டர் என்ற பழைய இடைவெளி இன்று இரட்டிப்பானதற்கு ஒரு காரணம்.

குளிர்ந்த ஓட்டம் ஒரு பக்கம் கெடுக்க, மிகையான சூடு இன்னொரு பக்கம் கெடுக்கிறது. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து தடித்து, அமிலமும் பிசினுமாக மாறுகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயரும்தோறும் இவ்வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்களின் தோராய விதி. சூடான புகையின் விசையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போசார்ஜரின் தாங்கிகளைக் கடந்து செல்லும் எண்ணெய் படும் பாடு இதிலிருந்து புரியும். பாகுத்தன்மை போகும் பாதையும் நேரானதல்ல. 5டபிள்யூ-30 (முதல் எண் குளிரிலும் இரண்டாவது எண் சூட்டிலும் உள்ள தடிமனைக் குறிக்கும்) போன்ற எண்ணெய், குளிரில் எளிதாக ஓடி, சூட்டிலும் போதிய தடிமனோடு இருப்பதற்கு நீண்ட பாலிமர் மூலக்கூறுகள் உதவுகின்றன. பற்சக்கரங்களுக்கும் தாங்கிகளுக்கும் இடையே அவை நசுங்கி அறுபடுவதால் எண்ணெய் முதலில் மெலிகிறது. ஆக்சிஜனேற்றமும் கரியும் சேரச்சேரப் பின்னர் தடிக்கிறது. புதிய கார்கள் பலவற்றுக்கும் குறிக்கப்படும் 0டபிள்யூ-20, தொடக்கத்திலேயே மெல்லியது என்பதால், பெட்ரோல் கலந்து மேலும் மெலிவதைத் தாங்க அதற்கு இடம் குறைவு.

இப்போது இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 5,000 கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு முறையும் 5 கிலோமீட்டர் சென்று, ஆறும்வரை நிறுத்தப்பட்டது. அது ஆயிரம் முறை குளிர்ந்த நிலையில் கிளம்பியிருக்கிறது. மற்றொன்று, 250 கிலோமீட்டர் வீதம் நெடுஞ்சாலையில் சென்றது. அது கிளம்பியது இருபதே முறை. ஓடோமீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். முதல் காரின் வெப்பமானி முள் சில நிமிடங்களில் நடுவுக்கு வந்திருக்கலாம். ஆனால் அது காட்டுவது குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை. எண்ணெய் சூடாக அதைவிட நெடுநேரம் பிடிக்கும், அதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. நெரிசலில் நிற்பதும் இதைப் போன்றதே. நிமிடத்துக்கு 800 சுற்று வீதம் ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால் 48,000 சுற்றுகள். 2,000 சுற்றில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் தரும் வண்டிக்கு, அது 32 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். ஓடோமீட்டரில் ஒரு மீட்டர்கூடக் கூடியிருக்காது.

கையேட்டின் பின்பக்கங்களில் கடுமையான பயன்பாடு என்ற தலைப்பில் இன்னோர் அட்டவணை இருப்பதற்குக் காரணம் இதுவே. குறுகிய பயணம், நீண்ட நேரம் நின்றபடி ஓடுவது, புழுதி, பாரம் இழுத்தல், கடும் வெப்பம் அல்லது குளிர் ஆகியவை அதில் சொல்லப்பட்டிருக்கும். இடைவெளி பெரும்பாலும் பாதியாகக் குறைந்திருக்கும். தம்முடைய ஓட்டம் சாதாரணமானது என்று எல்லாரும் எண்ணிக்கொள்கிறோம். அந்தப் பட்டியலை நேர்மையாகப் படித்தால், நகரத்தில் ஓடும் கார்களில் பல அந்த இரண்டாவது அட்டவணைக்குள் வந்துவிடும். ஓராண்டு என்ற கால வரம்பும் இதனால்தான்: குறைவாக ஓடும் காரின் எண்ணெயில் நீரும் அமிலமும் வெளியேற வழியின்றித் தங்கியிருக்கின்றன.

எண்ணெயின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது பயன்தராது. கரித்துகள்கள் ஒன்றுகூடிப் படியாதபடி அவற்றைப் பிரித்து மிதக்கவைப்பது எண்ணெயின் வேலைகளில் ஒன்று. டீசல் என்ஜினில் சில நூறு கிலோமீட்டரிலேயே எண்ணெய் கறுத்துவிடும். அது வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். ஆனால் எண்ணெயின் மட்டத்தைப் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் வேறு சில செய்திகளைச் சரியாகச் சொல்லும். எண்ணெய்மட்டம் குறையாமல் கூடிக்கொண்டே போனால், எரிபொருள் கலக்கிறது என்று பொருள். புகையிலுள்ள கரியைப் பிடித்து, கூடுதல் டீசலைக் கொண்டு அதை எரிக்கும் கரிவடிகட்டி உள்ள டீசல் கார்கள் குறுகிய தூரங்களிலேயே ஓடும்போது இது நிகழ்வதுண்டு. பால்கலந்த தேநீர் நிறத்தில் நுரைத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. இவை இரண்டில் எது தெரிந்தாலும் எந்தக் கிலோமீட்டர் கணக்குக்காகவும் காத்திருக்கக் கூடாது.

ஓடோமீட்டரைவிட நல்ல கணக்கு, பல புதிய கார்களில் ஏற்கெனவே இருக்கிறது. 1980களின் இறுதியில் அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் கொண்டுவந்த முறை, என்ஜினின் சுற்றுகளை எண்ணி, ஒவ்வொரு சுற்றின்போதும் எண்ணெய் எவ்வளவு சூடாக இருந்தது என்பதைப் பொறுத்து அதற்குக் கூடுதல் எடை தந்தது. மிகக் குளிர்ந்த சுற்றும் மிகச் சூடான சுற்றும் அதிகமாகக் கழிக்கப்படும். இடைப்பட்ட வெப்பத்தில் ஓடும் சுற்று குறைவாகக் கழிக்கப்படும். முன்னர் சொன்ன இரண்டு கார்களை இது சரியாகப் பிரித்துக் காட்டிவிடும். இன்றைய கார்களில் எண்ணெயின் ஆயுள் 40 விழுக்காடு, 15 விழுக்காடு என்று திரையில் வருவது பெரும்பாலும் இந்த வகைக் கணக்குதான். சில வண்டிகளில் எண்ணெயின் மின்பண்பை அளக்கும் உணரியும் சேர்ந்திருக்கும், பெரும்பாலானவற்றில் கிடையாது. ஆகவே எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றியபின் கணக்கை மீண்டும் 100-க்குக் கொண்டுவந்தார்களா என்று சர்வீஸ் முடிந்ததும் பார்த்துக்கொள்ளவேண்டும். மறந்துவிட்டால், புதிய எண்ணெய்க்கும் பழைய கணக்கே தொடரும். மாற்றாமலேயே பொத்தானை அழுத்திவிட்டாலும் திரை 100 என்றுதான் காட்டும்.