அந்தச் சின்னச் 'சரி'

"எனக்கு என்ன வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை." ஆலோசனை அறையில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. இதைச் சொல்பவர்கள் எதற்கெடுத்தாலும் தடுமாறுகிறவர்கள் அல்லர். பலர் பொறுப்பான வேலையில் இருப்பவர்கள், பிறருக்கு நல்ல யோசனை சொல்பவர்கள். சொந்த விஷயம் என்று வரும்போது மட்டும், உள்ளே எத்தனை முறை தட்டினாலும் கதவு திறப்பதில்லை.

அப்படித்தான் ஒருவர் வந்தார். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தூக்கம் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை, எல்லோர் மேலும் எரிச்சல் வருகிறது என்றார். பேச்சின் நடுவே அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். 'சரி, நாளைக்கே முடித்துத் தருகிறேன்' என்று பதில் அனுப்பிவிட்டு, அதைக் குப்புற வைத்தார்.

"நாளைக்கு முடித்துவிடுவீர்களா?" என்று கேட்டேன்.

"முடியாது சார்." ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பிறகு ஏன் அப்படி அனுப்பினீர்கள்?"

"அப்போதைக்கு அந்தப் பேச்சு முடிந்தால் போதும் என்றுதான்."

தான் பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவே இல்லை. இது அவருக்கு மட்டும் உள்ள கோளாறும் அல்ல. உளவியலாளர் பெல்லா டிபாலோவும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் தாங்கள் சொல்லும் பொய்களைத் தாங்களே நாட்குறிப்பில் எழுதி வந்தார்கள். கல்லூரி மாணவர்கள் சராசரியாக நாளுக்கு இரண்டு பொய், மற்றவர்கள் ஒன்று. அவற்றைப் பெரிய விஷயமாகவே அவர்கள் கருதவில்லை.

பெரிய பொய்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அவை உறுத்தும், ஒரு நாள் வெளியே வந்துவிடும். சின்னப் பொய் உறுத்தாது. அதுதான் அதன் ஆபத்து. இதை விளக்க ஒரு பழைய பரிசோதனை எனக்கு உதவுகிறது. 1959இல் உளவியலாளர்கள் லியான் ஃபெஸ்டிங்கர், ஜேம்ஸ் கார்ல்ஸ்மித் இருவரும் மாணவர்களிடம் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். பலகையில் இருக்கும் மரமுளைகளைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்ததும், அடுத்து வருபவரிடம் 'வேலை சுவாரசியமாக இருந்தது' என்று சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொல்ல, சிலருக்கு 20 டாலர், சிலருக்கு வெறும் 1 டாலர். பிறகு, வேலை உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டபோது, 20 டாலர் வாங்கியவர்கள் அவ்வளவாக ரசிக்கவில்லை என்றார்கள். 1 டாலர் வாங்கியவர்களோ, நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். 'பணத்துக்காகச் சொன்னேன்' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள அந்த ஒரு டாலர் போதவில்லை. ஆகவே மனம் தன் அபிப்பிராயத்தையே மாற்றிக்கொண்டது என்பது ஃபெஸ்டிங்கரின் விளக்கம்.

ஆய்வு சொல்வது அவ்வளவுதான். அதற்கு மேல் நான் சொல்வது என் அறையில் கண்டதை வைத்து. நம் அன்றாடச் 'சரி'களுக்கு அந்த ஒரு டாலர்கூடக் கிடைப்பதில்லை. பிடிக்காத பொறுப்புக்குச் சரி, வர முடியாத இடத்துக்கு வருகிறேன், வருத்தமாக இருக்கும்போது ஒன்றுமில்லை. பத்து வருடம் இப்படிச் சொன்ன ஒருவரிடம் 'உங்களுக்கு என்னதான் வேண்டும்?' என்று கேட்டால் அவர் எங்கே போய்த் தேடுவார்? தகவல் சொல்ல வேண்டிய உள்மனதின் வாயை அவரே அடைத்து வைத்திருக்கிறார்.

என்னிடம் வந்தவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு வாரம், தான் சொல்லும் ஒவ்வொரு 'சரி'யையும் சிறு நோட்டில் குறிக்க வேண்டும். மனம் ஒப்பாமல் சொன்னதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. யாரிடமும் எதையும் மாற்றிச் சொல்ல வேண்டாம். மறுவாரம் நோட்டைக் கொண்டுவந்தார். பாதிக்கு மேல் புள்ளிகள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் இரண்டு புள்ளி. என்ன என்று கேட்டேன். "மகளிடம் சொன்னது. முடியாது என்று தெரியும். அவள் நம்ப மாட்டாள் என்றும் தெரியும்."

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் ஒன்று எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். எழுதவில்லை. திங்கள்கிழமை அவர் அழைத்தார். திரையில் பெயரைப் பார்த்துக்கொண்டே அடிக்க விட்டேன். அதைவிட மோசமான விஷயம், அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் கோபம் வந்ததுதான். ஏன் இப்படி நச்சரிக்கிறார் என்று! சொல் தவறியவன் நான், குற்றவாளி அவர். உறவுகள் முறியும் கதைகளைக் கேட்கும்போது இந்தத் தலைகீழ் மாற்றம் எங்கேயாவது இருக்கிறதா என்று அன்றிலிருந்து தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் இருக்கிறது. உளசிகிச்சை பலன் தரத் தேவையானவற்றை 1957இல் வரையறுத்த கார்ல் ரோஜர்ஸ், உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பதைச் சிகிச்சை அளிப்பவரிடமிருந்துதான் எதிர்பார்த்தார். பாடத்தில் படித்தபோது எளிதாகத்தான் இருந்தது.

அன்று மாலையில் கடிதம் கேட்டவரை அழைத்தேன். 'வேலைப்பளு' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "எழுதவில்லை, தள்ளிப்போட்டுவிட்டேன். நாளை மதியத்துக்குள் தருகிறேன். தாமதத்தால் உங்களுக்கு என்ன சிக்கல் வந்தது?" என்று கேட்டேன். கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. பதிலை முழுக்கக் கேட்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது.

சொன்ன சொல்லை எல்லா நேரமும் காப்பாற்ற யாராலும் முடியாது. ஆனால் முடியாது என்று தெரிந்த நிமிடமே சொல்லலாம். கெடு முடிந்த பிறகு வரும் சாக்கைவிட, இரண்டு நாள் முன்னால் வரும் 'முடியாது' எவ்வளவோ மேல். சட்டென்று மறுக்க வராதவர்கள் 'நாளைக் காலைக்குள் சொல்கிறேன்' என்று அவகாசம் கேட்கலாம், காலையில் மறக்காமல் சொன்னால். தனக்குத் தானே கொடுக்கும் வாக்கை மட்டும் வெட்கப்படும் அளவுக்குச் சிறிதாக்குங்கள். தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன் என்பதை ஐந்து நிமிடம் நடப்பேன் என்று குறையுங்கள்.

'நான் உள்ளதை உள்ளபடி பேசுகிறவன்' என்று முன்னுரை போட்டுவிட்டு அடுத்தவரைக் காயப்படுத்துகிறவர்களும் வருவார்கள். அவர்களின் உண்மை எப்போதும் பிறரைப் பற்றியதாகவே இருப்பதைக் கவனித்திருக்கிறேன். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற உண்மை அவர்கள் வாயில் வராது. இன்னொன்று. வீட்டில் வன்முறை, உயிர் பயம் என்ற நிலையில் இருப்பவர் எதையாவது மறைத்தால் அது நேர்மைக் குறைவு ஆகாது. முதலில் பாதுகாப்பு, அதற்கான உதவி. மற்றதெல்லாம் பிறகு.

ஐந்தாவது அமர்வில் அந்த நண்பரின் கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். 'நாளை முடியாது. புதன்கிழமை தருகிறேன்.' அனுப்பிவிட்டு, இந்த முறை திரை தெரியும்படி மேசை மேல் வைத்தார். விரல்கள் லேசாக நடுங்கின. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. ஒரே சொல்: 'சரி.'

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சார், இது எந்தச் சரி?"