காகேசியன் ஷெப்பர்ட் குட்டி வாங்கும் முன்

காகேசியன் ஷெப்பர்ட் குட்டியை முதல் தடுப்பூசிக்குத் தூக்கி வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, "டாக்டர், இது எவ்வளவு பெருசா வளரும்?" என்றுதான். ஆண் நாய் குறைந்தது 50 கிலோ வரும், 70-ஐத் தாண்டுவதும் உண்டு. ஆனால் எடையை விட முக்கியமானது, இது எந்த வேலைக்கு உருவான நாய் என்பது.

ஜார்ஜியா, ஆர்மேனியா, தாகெஸ்தான் என காகசஸ் மலைப்பகுதியில் ஆட்டு மந்தைகளை ஓநாயிடமிருந்தும் கரடியிடமிருந்தும் காத்த இனம் இது. மந்தையை வளைத்து ஓட்டாது, காவல் மட்டும்தான். நம் ஊரில் கிடை போட்ட வயலை ராத்திரி முழுக்கச் சுற்றிவரும் நாயைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புரியும். குட்டியிலேயே ஆடுகளோடு விட்டு வளர்ப்பார்கள். யாரோடு வளர்கிறதோ அவர்களைத் தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். மேய்ப்பவர் அசந்து தூங்கும்போது ஓநாய் வந்தால் கட்டளைக்குக் காத்திருக்க முடியுமா? அதனால் தானே முடிவெடுக்கும் நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வேளச்சேரியில் மூன்றாவது மாடிக்கு வந்தாலும் அந்தக் குணம் கூடவே வரும். இப்போது உங்கள் குடும்பம்தான் அதன் மந்தை. சிலிண்டர் போட வருபவர், பார்சல் கொண்டு வருபவர், ஊரிலிருந்து வரும் சித்தப்பா எல்லோரும் அந்நியர்கள். ராத்திரி லிஃப்ட் சத்தம் கேட்டாலே குரைக்கும். "ஒரு வருஷம் வரைக்கும் குழந்தை மாதிரி இருந்தான், இப்ப யாரையும் உள்ள விடமாட்டேங்கிறான்" என்று சொல்லி வருகிறார்கள். நாய் கெட்டுப்போகவில்லை, பருவத்துக்கு வந்திருக்கிறது. இந்த இனம் மனதளவில் முதிர இரண்டு, மூன்று வருடம் ஆகும். அடித்துத் திருத்தப் பார்ப்பது ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.

புது மனிதர்களையும் சத்தங்களையும் பழக்க நல்ல காலம் 3 முதல் 14 வாரம் வரை. தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிடாமல், கையில் தூக்கிக்கொண்டோ காரிலோ போய்க் காட்டலாம். வாய்க்கூடு போட்டு நடக்கவும் அப்போதே தீனி கொடுத்துப் பழக்கிவிடுங்கள்.

அப்புறம் நம் வெயில். எனக்கு அதிகக் கவலை இதில்தான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். வாயிலிருக்கும் ஈரம் ஆவியானால்தான் உடம்பு குளிரும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அது சரியாக நடக்காது. இதோடு பனிமலைக்கு ஏற்ற இரட்டை ரோமம் வேறு. பலர் உடனே மொட்டையடிக்கச் சொல்கிறார்கள், வேண்டாம். மேல் ரோமம் வெயிலிலிருந்தும் தோலைக் காக்கிறது. உள் ரோமத்தைத் தினமும் சீவி எடுங்கள், குளித்த பிறகு அடிவரை உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் தோலில் புண் வரும். அடர்ந்த முடிக்குள் உண்ணி ஏறினால் கண்ணுக்கே தெரியாது, உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம்.

மொட்டை மாடியில் கட்டிப்போடவே கூடாது. நடை, விடியும் முன்னும் இரவிலும் மட்டும். நிற்காமல் மூச்சிரைத்து, எச்சில் ஒழுகி, ஈறு கருஞ்சிவப்பாகித் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. ஐஸ் தேடி நேரத்தை வீணாக்காமல் குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஃபேனைப் போடுங்கள். நன்றாக நனைத்த பிறகு ஏசி காரில் கிளம்புங்கள். எழுந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும், ஏனென்றால் சிறுநீரகமும் குடலும் அதற்குப் பிறகும் பழுதாகலாம்.

2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய 23 இனங்களின் தடைப் பட்டியலில் இதுவும் இருந்தது. அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. எந்த இனமானாலும் மாநகராட்சி உரிமமும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கட்டாயம்.

சுற்றுச்சுவரும் நிழலும் உள்ள தோட்டம், நாய் பழக்கிய அனுபவம், பகலில் வீட்டில் ஆள், இந்த மூன்றும் இல்லாதவர்களிடம் இந்த இனம் வேண்டாம் என்றுதான் நான் சொல்கிறேன். வீட்டுக் காவலுக்குத்தான் என்றால், நம் வெயிலுக்குப் பழகிய கோம்பையையோ நாட்டுநாயையோ முதலில் போய்ப் பாருங்கள்.